இந்தத் தகவல் எங்கே இருக்கிறது? விக்கிப்பீடியாவில் மேற்கோள் சேர்க்கப் பழகுகிறவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியாவில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களைப் பற்றிய கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். ஏரி, கோயில், வாரச்சந்தை, பள்ளிக்கூடம் என்று எல்லாம் எழுதியிருக்கும். கடைசியில், தகவல்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று காட்டுகிற 'மேற்கோள்கள்' என்ற தலைப்புக்கு வந்தால் பல கட்டுரைகளில் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். சிலவற்றில் அந்தத் தலைப்பே இருக்காது. எழுதியவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்தான். அவர் எழுதியது முழுக்க உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் திருநெல்வேலியிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு அதை நம்புவதற்கான வழி எதையும் கட்டுரை தரவில்லை.

புதிதாக எழுத வருகிறவர்கள் கட்டுரை எழுத ஆர்வமாக உட்காருகிறார்கள். மேற்கோள் என்றதும் தயங்கிவிடுகிறார்கள். கணினி படித்தவர்கள் செய்கிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கைப்பேசியிலேயே ஓரிரு நிமிடத்தில் சேர்த்துவிடலாம். எந்தத் தகவலுக்கு எந்தச் சான்று என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. அதனால் பொத்தான்களைப் பற்றிக் கொஞ்சமாகவும், அந்த வேலையைப் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன்.

நிலம் வாங்கப் போகிறோம். விற்கிறவர் நல்லவர், சொந்தக்காரர், பொய் சொல்லாதவர். இருந்தாலும் மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. மேற்கோளும் அந்த மாதிரிதான். விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பேராசிரியர் எழுதினாலும் பத்தாம் வகுப்பு மாணவி எழுதினாலும் கட்டுரையில் ஒரே மாதிரிதான் தெரியும். எழுதியவர் யார் என்று பார்த்து நம்ப வழியில்லாத இடத்தில், எங்கிருந்து எடுத்தார் என்பதைப் பார்த்துத்தான் நம்ப முடியும். நீங்கள் கொடுக்கிற மேற்கோளைப் பிடித்துக்கொண்டு போய், அதே தகவலை அங்கே கண்ணால் பார்க்க இன்னொருவரால் முடிய வேண்டும். அது முடிந்தால் நல்ல மேற்கோள். முடியாவிட்டால், எண்ணிக்கையில் எத்தனை சேர்த்தாலும் பயனில்லை.

இதிலிருந்தே அடுத்த விஷயம் வந்துவிடுகிறது. மேற்கோளைக் கட்டுரை முழுவதற்குமாகச் சேர்த்து ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும், சில நேரம் வாக்கியத்தின் பாதிக்கும், தனித்தனியாக வைக்க வேண்டும். கட்டுரையின் அடியில் நான்கு இணைய முகவரிகளை வரிசையாக ஒட்டிவிட்டுப் போனால், எந்தத் தகவல் எதில் இருக்கிறது என்று படிக்கிறவர் நான்கையும் புரட்ட வேண்டியிருக்கும். யாரும் புரட்ட மாட்டார்கள்.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம்

நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. இந்த வாக்கியத்தை யாரோ எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலேயே மிகப் பழமையான இரும்பு இதுதான்."

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குள் மூன்று தகவல்கள் இருக்கின்றன. மயிலாடும்பாறை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அங்கே கிடைத்ததன் காலம் கி.மு. 2172 என்பது இரண்டாவது. தமிழ்நாட்டிலேயே பழமையானது என்பது மூன்றாவது. முதல் தகவலை யாரும் மறுக்கப் போவதில்லை. அதற்கு மேற்கோள் இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. இரண்டாவதற்குக் கட்டாயம் வேண்டும். கதிரியக்கக் கார்பன் முறையில் காலத்தைக் கணித்த ஆய்வின் முடிவு அது. 2022 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அதை அறிவித்தார். நாளிதழ்கள் எல்லாம் எழுதின. ஆகவே தேதியோடு ஒரு நாளிதழ்ச் செய்தியையோ, இன்னும் நல்லதாகத் தொல்லியல் துறையின் வெளியீட்டையோ கொடுக்கலாம்.

மூன்றாவது தகவலில்தான் சிக்கல். 2022இல் அப்படி எழுதியது சரி. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இரும்பின் தொன்மை குறித்து இன்னொரு அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அதில் வந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பின்னால் போய்விட்டது. இப்போது மயிலாடும்பாறைக் கட்டுரையில் உள்ள 'மிகப் பழமையான' என்ற சொல் தவறு. ஆனால் கி.மு. 2172 என்ற எண் அப்படியே நிற்கிறது.

வாக்கியத்தை இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்: "மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாக 2022 மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்போது தமிழ்நாட்டில் இரும்புக்குக் கிடைத்த மிகப் பழைய காலக் கணிப்பு இது." இரண்டு வாக்கியங்களின் முடிவிலும் தேதியோடு மேற்கோள். இதைப் படிக்கிற எவருக்கும் 'ஓ, இது 2022 நிலவரம்' என்று தெரியும். அடுத்து வருகிறவர் அதன்கீழ் சிவகளைத் தகவலை ஒரு வரி சேர்த்துவிட்டுப் போகலாம். பழைய வாக்கியத்தை அழிக்க வேண்டிய அவசியமே வராது. மேற்கோளில் தேதி இருக்க வேண்டும் என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

'ஆசியாவிலேயே பெரிய', 'இந்தியாவிலேயே முதல்', 'உலகின் பழமையான' என்று தொடங்குகிற வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. ஒகேனக்கல் பாறைகளைப் பற்றிச் சுற்றுலாப் பக்கங்கள் இப்படித்தான் எழுதுகின்றன. அங்கே கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை இருப்பது உண்மை. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு என்று புவியியல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. அந்த ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டி 240 கோடி ஆண்டு என்று எழுதுவது எத்தனை கம்பீரமாக இருக்கிறது! 'உலகின் பழமையான பாறை' என்ற விளம்பர வரி அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

சேர்ப்பது எப்படி

கைப்பேசியில் உங்கள் கணக்கில் புகுபதிகை (லாகின்) செய்துகொள்ளுங்கள். கட்டுரையில் பென்சில் படத்தைத் தொட்டால் தொகுக்கும் பக்கம் வரும். அதில் இரண்டு வகை இருக்கிறது: குறிகளோடு தெரிகிற மூல வடிவம் ஒன்று, கட்டுரை கட்டுரையாகவே தெரிகிற காட்சி வடிவம் இன்னொன்று. தொடக்கத்தில் காட்சி வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குப் பின்னால் விரலை வைத்து, மேலே உள்ள இரட்டை மேற்கோள் குறி போன்ற பொத்தானைத் தொடுங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் இணைய முகவரியை ஒட்டினால் தலைப்பு, தளத்தின் பெயர், தேதி எல்லாவற்றையும் தானே எடுத்துக் கொடுக்கும். நூலாக இருந்தால் அதன் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது ஒவ்வொரு நூலுக்கும் தனியாகக் கொடுக்கிற அடையாள எண்ணைக் கொடுக்கலாம். பழைய தமிழ் நூல்களுக்கு அந்த எண் இருக்காது. அப்போது கைமுறையாக நிரப்ப வேண்டியதுதான்.

தானாக வந்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள். தமிழ்ச் செய்தித் தளங்களில் அது அடிக்கடி தடுமாறும். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தளத்தின் பெயர் வந்து நிற்கும், தேதி வராமல் போகும், தலைப்போடு நாளிதழின் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போய்த் திருத்துங்கள். செய்தி என்றால் தலைப்பு, நாளிதழ், வெளியான நாள், நீங்கள் பார்த்த நாள். நூல் என்றால் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, அப்புறம் பக்க எண். பக்க எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நானூறு பக்க நூலைக் கொடுத்துவிட்டு 'இதில் எங்கேயோ இருக்கிறது' என்று சொன்னால் யார் தேடுவார்கள்?

அதே நூலை அதே கட்டுரையில் இன்னொரு இடத்தில் காட்ட வேண்டுமானால் புதிதாக உருவாக்க வேண்டாம். அந்தப் பெட்டியிலேயே ஏற்கெனவே உள்ளதை மீண்டும் பயன்படுத்த வழி இருக்கிறது. மூல வடிவத்தில் எழுதப் பழகிவிட்டால் 'ரெஃப்' என்ற குறியைத் திறந்து, அதற்குள் விவரத்தை எழுதி, சாய்கோட்டோடு மூடுவீர்கள். மூட மறந்தால் சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். பதற வேண்டாம், திரும்பப் போய் மூடினால் சரியாகிவிடும். பழகிப் பார்க்க மணல்தொட்டி என்றே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே என்ன எழுதினாலும் எந்தக் கட்டுரையும் கெடாது. சேமிக்கும்போது என்ன மாற்றினீர்கள் என்று ஒரு சுருக்கம் கேட்கும். 'மேற்கோள் சேர்ப்பு' என்று இரண்டு சொல் எழுதினால் போதும்.

நம் மாவட்டங்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9ஆம் தேதி தருமபுரியிலிருந்து பிரிந்தது. இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் சான்று தேடினால் பாதி கிடைக்காது, கிடைப்பதையும் தப்பாகப் படிப்போம்.

ராஜாஜி 1878இல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். பழைய நூல்களில் 'சேலம் மாவட்டம்' என்று இருக்கும். இப்போதைய செய்தியில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று இருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மாற்ற, மற்றவர் திரும்ப மாற்ற, சண்டை நடக்கும். இரண்டு சான்றும் சரிதான், அவை எழுதப்பட்ட காலம் வேறு. 'அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளி' என்று எழுதினால் முடிந்தது. 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவாவைப் பற்றித் தேடும்போதும் இதே கதைதான். அந்தக் காலத்து எழுத்துகளில் தருமபுரி மாவட்டம் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

மக்கள்தொகையில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகிவிடும். 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28 லட்சத்துக்கும் மேல். 2011இல் 15,06,843. இரண்டு எண்ணுக்கும் அரசின் சான்று இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து 'பத்தாண்டில் மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது' என்று ஒருவர் எழுதினால், ஒவ்வொரு எண்ணும் சரி, வாக்கியம் அபத்தம். நடுவில் கிருஷ்ணகிரி பிரிந்துபோனது. அந்த மாவட்டத்துக்கு 2011இல் 18,79,809 பேர். சான்றிலிருந்து எண்ணை மட்டும் பறித்துக்கொண்டு வரக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எண் எந்த எல்லைக்கு உரியது, எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் சேர்த்தே எடுத்துவர வேண்டும். இரண்டு சான்றுகளை ஒட்டவைத்து, அவை இரண்டுமே சொல்லாத மூன்றாவது முடிவை நாமாக எழுதுவதும் விக்கிப்பீடியாவில் கூடாது. அது சொந்த ஆய்வு ஆகிவிடும்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. நம் ஊர்களைப் பற்றிப் பழைய எழுத்தே இல்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் சேலத்தின் பெயரில் தேடினால் ஆச்சரியப்படுவார்கள். லெ ஃபானு 1883இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடி இரண்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகள் வருகின்றன. ஆங்கில நூல்தான், ஆனாலும் தமிழ்க் கட்டுரைக்கு மேற்கோளாகத் தாராளமாகக் காட்டலாம். சான்று எந்த மொழியில் இருந்தாலும் ஏற்பார்கள். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். அங்கே பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகவே புரட்டலாம், ஆகவே பக்க எண்ணும் கையோடு கிடைத்துவிடும். ஊர்வாரியான மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு இருக்கிறது. தேடும்போது தருமபுரி, தர்மபுரி, கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி என்று எல்லா எழுத்து வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும்.

எதைச் சான்றாக வைக்கலாம்

சொல்கிற தகவலைப் பொறுத்துச் சான்றும் மாறும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்ததற்கு நாளிதழ்ச் செய்தி போதும், பொருத்தமும்கூட. ஒரு ஊராட்சி எந்த ஒன்றியத்தில் இருக்கிறது என்பதற்கு மாவட்ட நிர்வாகத்தின் தளம் போதும். வரலாற்றுக்கு வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அதியமானை எடுத்துக்கொள்ளுங்கள். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்ததைப் புறநானூறு 91ஆம் பாடல் பாடுகிறது. 'ஔவையார் இவ்வாறு பாடுகிறார்' என்று எழுதிப் பாடல் எண்ணைக் கொடுக்கலாம். அதே பாடலை வைத்துக்கொண்டு 'அதியமான் இன்ன ஆண்டில் தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்டான்' என்று எழுத முடியாது. பாடல் அதைச் சொல்லவில்லை. காலத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் 'அதியந் நெடுமாந் அஞ்சி' என்று பெயர் பொறித்த ஜம்பைக் கல்வெட்டை ஆராய்ந்தவர்கள் எழுதியதற்குப் போக வேண்டும். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் போன்றவர்களின் நூல்களில் அது கிடைக்கும். கோயில் வாசலில் விற்கிற தலவரலாற்றுப் புத்தகமும் இப்படித்தான். 'தலவரலாற்றின்படி' என்று சொல்லிவிட்டு எழுதலாம். அதைக் கொண்டு கோயில் கட்டிய நூற்றாண்டை நிறுவ முடியாது.

வாட்ஸ்அப்பில் வந்தது, யூடியூபில் யாரோ பேசியது, முகநூல் பதிவு, இவை எல்லாம் வேண்டாம். இன்னொரு விக்கிப்பீடியா கட்டுரையும் வேண்டாம். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து ஒரு தளம் எழுதும், அந்தத் தளத்தைக் காட்டி விக்கிப்பீடியாவில் மேற்கோள் வரும், வட்டம் முடிந்துவிடும். தகவலின் வேர் எங்கேயும் இருக்காது. வரிக்கு வரி கட்டுரையோடு ஒத்துப்போகிற தளத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள். கட்டுரையை யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டுகிற வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து எது முந்தியது என்று பாருங்கள். அப்புறம், நீங்கள் படிக்காத நூலைக் காட்டாதீர்கள். ஒரு நூலில் இன்னொரு நூலைப் பற்றிச் சொல்லியிருந்தால், கையில் இருக்கும் நூல்தான் உங்கள் சான்று.

புதியவர்களுக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் ஒன்று உண்டு. நம் பகுதியில் நடுகற்கள் நிறைய. ஏரிக்கரையில், வயல் ஓரத்தில், சில இடங்களில் பொங்கலுக்குப் பூசையோடு. இந்த வீரன் யார், எதற்காகச் செத்தான் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் விரிவாகச் சொல்வார். அதை அப்படியே கட்டுரையில் எழுதினால் சான்று இல்லை என்று நீக்கிவிடுவார்கள். பெரியவர் சொன்னது பொய்யா என்று கேட்கத் தோன்றும். பொய் என்று யாரும் சொல்லவில்லை. வேறொருவர் போய்ச் சரிபார்க்க அச்சில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இந்த வலி எனக்கும் புரிகிறது. ஆனால் அதற்காக விதியைத் தளர்த்தினால், அடுத்த ஊர்க்காரர் தன் சாதிப் பெருமையை அதே வழியில் கொண்டுவந்து சேர்ப்பார்.

செய்யக்கூடியது இருக்கிறது. தொல்லியல் துறை கல்வெட்டுகளைப் பற்றி வெளியிட்ட நூல்களில் அந்தக் கல் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் உங்களுக்கு அருமையான மேற்கோள். இல்லாவிட்டால் கல்லை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கிற விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். கல் அங்கே இருப்பதைப் படம் காட்டும். எந்த நூற்றாண்டு என்பதைப் படம் சொல்லாது, ஆகவே அதை எழுத வேண்டாம். பெரியவர் சொன்னதைப் பதிவு செய்து, ஆசிரியர் குழு பார்த்துத் திருத்தி வெளியிடுகிற வரலாற்று இதழ் ஒன்றுக்கு எழுதுங்கள். அது அச்சில் வந்த பிறகு இன்னொருவர் அதை மேற்கோள் காட்டலாம்.

இணைப்பு செத்துப்போனால்

மாவட்ட நிர்வாகத் தளங்களின் முகவரிகள் சில ஆண்டுகளுக்கு முன் மாறின. பழைய முகவரியைக் கொடுத்த மேற்கோள்களைத் தொட்டால் இப்போது ஒன்றும் வராது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கிற, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டால் அந்தக் காலத்துப் பக்கம் பெரும்பாலும் கிடைக்கும். அந்தச் சேமித்த பக்கத்தின் முகவரியையும் மேற்கோளில் சேர்த்துவிடுங்கள். புதிதாக மேற்கோள் கொடுக்கும்போதே பக்கத்தை அங்கே சேமித்துவிடுவது இன்னும் நல்லது. செத்த இணைப்பு என்பதற்காக மேற்கோளை மட்டும் அழித்துவிடாதீர்கள். தலைப்பும் தேதியும் இருந்தால் அதை வைத்தே நூலகத்தில் பழைய நாளிதழைத் தேட முடியும்.

முதல் நாளில் புதுக் கட்டுரை தொடங்க வேண்டாம். உங்கள் தாலுகாவைப் பற்றிய ஏதாவது ஒரு கட்டுரையில் 'சான்று தேவை' என்று குறித்திருக்கும் வாக்கியத்தைத் தேடிப் பிடியுங்கள். அதற்குச் சான்று கிடைத்தால் சேர்த்துவிட்டு அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். சான்று வேறு மாதிரி சொன்னால் வாக்கியத்தைச் சான்றுக்குத் தக்கபடி மாற்றுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால், எங்கெல்லாம் தேடினீர்கள் என்று, கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்காக உள்ள அதன் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து வருகிறவர் அதே இடங்களில் மீண்டும் தேட வேண்டியிருக்காது. நீங்கள் சேர்த்ததை யாராவது நீக்கினால் வரலாற்றுப் பக்கத்தில் அவர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் பேச்சுப் பக்கத்திலோ, 'ஆலமரத்தடி' என்ற விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்திலோ கேளுங்கள். "ஐயா, இந்தச் சான்று ஏன் போதாது?" என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.